அன்இன்ஸ்டால் செய்தாச்சு, ஆனாலும் அது முழுசாகப் போகவில்லை. ஏன்?

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய், இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் வேண்டாத சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்து அன்இன்ஸ்டால் கொடுக்கிறோம். ஒரு பட்டை ஓடி முடிகிறது, நீக்கியாகிவிட்டது என்று செய்தி வருகிறது, பட்டியலிலும் பெயர் காணோம். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஏதோ ஒரு ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் இன்னும் மெனுவில் நிற்கும். இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து அதையே திரும்ப இன்ஸ்டால் செய்யும்போது, உங்கள் இலவசச் சோதனைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லும். அழித்துவிட்ட சாஃப்ட்வேருக்கு நம்மை எப்படி ஞாபகம் இருக்கிறது? நியாயமான கேள்விதான். பதிலும் அவ்வளவு கஷ்டமில்லை, யாரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டனை அழுத்தும்போது பெரும்பாலான சாஃப்ட்வேர்களை நீக்குவது விண்டோஸ் கிடையாது. ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பெரிய பதிவேடு விண்டோஸுக்குள் இருக்கிறது. எந்தப் புரோகிராம் எங்கே இருக்கிறது, அதன் அமைப்புகள் என்ன, எந்த வகை ஃபைலை எது திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படுகின்றன. அதற்குள் அன்இன்ஸ்டால் என்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் ஆகும்போது தன் பெயர், தயாரித்த நிறுவனம், பதிப்பு எண் இவற்றோடு, என்னை நீக்க வேண்டுமென்றால் இந்தப் புரோகிராமை ஓட்டு என்று ஒரு வரியையும் அங்கே எழுதிவைக்கிறது. நாம் பார்க்கும் பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது. பட்டனை அழுத்தினால் விண்டோஸ் அந்த ஒரு வரியை ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதி வேலை முழுக்க அந்தச் சாஃப்ட்வேரைத் தயாரித்தவர்கள் எழுதிக்கொடுத்த இன்னொரு புரோகிராமுடையது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து பார்த்தால் பல இடங்களில் அன்இன்ஸ் என்று தொடங்கி மூன்று சைபரில் முடிகிற ஒரு ஃபைல் கண்ணில் படும். இன்னோ செட்அப் என்ற கருவியால் கட்டிய சாஃப்ட்வேர்கள் தங்களோடு கொண்டுவருகிற நீக்கும் புரோகிராம் அது.

பந்தல் போட்டவரேதான் பந்தலைப் பிரிக்கவும் வருகிறார். கம்பு நட்ட குழிகளை மூடிவிட்டுப் போகிறாரா, அப்படியே விட்டுவிட்டுப் போகிறாரா என்பது அவர் கையில் இருக்கிறது.

விண்டோஸ் இன்ஸ்டாலர் என்று மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது, ஆபிஸ் 2000 காலத்தில் வந்தது. எம்எஸ்ஐ என்று முடிகிற ஃபைல்கள் அந்த வகை. அதில் என்னென்ன வைக்கப்பட்டது என்ற கணக்கை விண்டோஸே வைத்திருக்கும், ஆகவே நீக்குவதும் கொஞ்சம் ஒழுங்காக நடக்கும். ஆனால் அதிலும் தயாரிப்பாளர் தன் சொந்த வேலைகளை நடுவில் செருகிக்கொள்ள இடம் உண்டு, அந்த வேலைகளுக்கு விண்டோஸிடம் கணக்கு இருக்காது.

சரி, ஒரு சாஃப்ட்வேர் கணினிக்குள் எங்கெல்லாம் பரவுகிறது? முக்கியமான ஃபைல்கள் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸில் போய் உட்காரும், இது எல்லோருக்கும் தெரிந்த இடம். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தகவல்கள் புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும், அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புகளும் தற்காலிகச் சேமிப்பும், யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று மறைந்திருக்கிறதே, அதற்குள் போகும். அதிலும் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று கிளைகள். இவை தவிர ரெஜிஸ்ட்ரியில் பதிவுகள், பின்னணியில் ஓடும் சர்வீஸ், குறிப்பிட்ட நேரத்தில் அப்டேட் தேட டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை, ஃபயர்வாலில் ஒரு அனுமதி, ரைட் கிளிக் மெனுவில் ஒரு வரி, சிலசமயம் எழுத்துருக்கள், பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், ஆழமாக நுழைகிற சாஃப்ட்வேராக இருந்தால், விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுகிற டிரைவர் என்ற புரோகிராமும் சேரும்.

இவ்வளவையும் நீக்கும் புரோகிராம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? இன்ஸ்டால் செய்தபோது எதை எங்கே வைத்தோம் என்று ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கும், அதைப் பார்த்துப் பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குறிப்பில் இருப்பது இன்ஸ்டால் ஆன அந்த சில நிமிடங்களில் நடந்தது மட்டும். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு வருடம் அந்த வீடியோ எடிட்டரைப் பயன்படுத்தியபோது அது தன் போக்கில் உருவாக்கிய முன்னோட்டப் படங்கள், தற்காலிகத் துண்டுகள், லாக் ஃபைல்கள் இவை எதுவும் அந்தக் குறிப்பில் கிடையாது. இவற்றையும் சேர்த்து நீக்கு என்று தயாரிப்பாளர் தனியாக எழுதியிருந்தால்தான் போகும். நிறைய பேர் எழுதுவதில்லை. இன்ஸ்டால் நன்றாக நடக்க வேண்டும் என்பதில் ஒரு நிறுவனத்துக்கு இருக்கிற அக்கறை, வேண்டாம் என்று போகிறவரின் கணினி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இருக்காது. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் சரியாக எழுத இன்னும் ஓரிரு நாள் உழைப்பு போதும்.

ஆனால் மிச்சம் இருப்பது எல்லாமே அலட்சியம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஃபயர்ஃபாக்ஸை நீக்கினாலும் உங்கள் புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் ஆப்டேட்டாவுக்குள் பத்திரமாக இருக்கும், திரும்ப நிறுவினால் எல்லாம் வந்துவிடும். பழுது பார்ப்பதற்காக நீக்கிவிட்டு மறுபடி போடுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் இது நல்ல முடிவு. குரோம் ஒரு படி மேலே போய், பிரவுசிங் தகவல்களையும் அழிக்கட்டுமா என்று நீக்கும்போதே கேட்கிறது. எல்லா சாஃப்ட்வேரும் இப்படி ஒரு கேள்வி கேட்டால் இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை. சோதனைக் காலம் முடிந்தது என்று சொல்கிற அந்தச் சின்னப் பதிவும் வேண்டுமென்றே விடப்படுவதுதான், இலவசமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக.

வேறு சில நியாயமான காரணங்களும் உண்டு. வீட்டில் ஒரே கணினியில் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பயனர் கணக்குகள் இருந்தால், பிள்ளை தன் கணக்கிலிருந்து நீக்கும்போது மற்ற இருவரின் ஆப்டேட்டாவில் இருப்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடுத்து, பொதுவில் பயன்படுத்தும் ஃபைல்கள். விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று நீளமான பெயரில் வருடம் போட்டு ஐந்தாறு வரிகள் உங்கள் பட்டியலில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கேம்களும் மற்ற சாஃப்ட்வேர்களும் ஓடத் தேவையான நூலகங்கள் அவை. ஒரு கேம் அதைக் கொண்டுவந்திருக்கும், ஆனால் அப்புறம் வந்த நான்கு சாஃப்ட்வேர்கள் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். கேம் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போனால் அந்த நான்கும் படுத்துவிடும். முன்பெல்லாம் இது அடிக்கடி நடந்தது. டிஎல்எல் என்று முடிகிற ஃபைல்களை எல்லா சாஃப்ட்வேரும் விண்டோஸின் ஒரே ஃபோல்டருக்குள் கொட்டிவைத்த காலம் அது. எத்தனை பேர் ஒரு ஃபைலைப் பயன்படுத்துகிறார்கள் என்று ரெஜிஸ்ட்ரியில் எண்ணி வைப்பார்கள், அந்த எண்ணிக்கை பிசகிவிடும், பிறகு நீக்கும்போது இந்த ஃபைலை யாரும் பயன்படுத்தவில்லை போலிருக்கிறது, அழிக்கட்டுமா என்று நம்மிடமே கேட்கும். நமக்கு எப்படித் தெரியும்? அந்த அனுபவத்துக்குப் பிறகு, சந்தேகம் என்றால் விட்டுவிடு என்பதே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் சரியானது என்றே நினைக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை அழிக்க விண்டோஸ் பொதுவாக விடாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது நீக்கும் புரோகிராம், அடுத்த முறை கணினி தொடங்கும்போது இதை அழித்துவிடு என்று விண்டோஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது அதற்குத்தான். லேப்டாப்பை மூடி மூடி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ரீஸ்டார்ட்டே செய்யாதவர்களுக்கு அந்த வேலை அப்படியே காத்திருக்கும்.

நீக்குவதற்கு மிகக் கஷ்டமானது ஆன்டிவைரஸ். வைரஸ் வந்து தன்னை நீக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அது தன்னைச் சுற்றிப் பூட்டுப் போட்டுக்கொள்கிறது, டிரைவர்களாக விண்டோஸின் அடிமட்டம் வரை இறங்கி நிற்கிறது. அந்தப் பூட்டு நம்மையும் தடுக்கும். அதனால்தான் மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட், ஈசெட் எல்லோருமே தங்கள் சொந்த சாஃப்ட்வேரை நீக்குவதற்கென்றே தனிக் கருவி வெளியிட்டிருக்கிறார்கள். அவாஸ்டின் கருவி, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்குகிற சேஃப் மோடில் போய் ஓட்டச் சொல்லும். பழைய ஆன்டிவைரஸ் அரைகுறையாக இருக்கும்போதே புதிதாக இன்னொன்றைப் போட்டால் இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்துக் கணினியே நின்றுவிடலாம், ஆகவே இந்த ஒரு வகைக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்தின் கருவியை இறக்கி ஓட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னது தொல்லை. ஆபத்தாக மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு, மிச்சம் எந்த வகை என்று பார்க்க வேண்டியதன் அவசியம் அவற்றில்தான் புரியும்.

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசை சிடியைக் கணினியில் போட்டால், நகல் எடுப்பதைத் தடுப்பதற்காக ஒரு சாஃப்ட்வேர் உள்ளே புகுந்து, தன் ஃபைல்களைக் கண்ணிலேயே படாமல் மறைத்துக்கொண்டது. நீக்குவதற்கு எந்த வழியும் கொடுக்கவில்லை. கையால் அழித்தால் சிடி டிரைவே வேலை செய்யாமல் போனது, ஏனென்றால் அதன் டிரைவர் சிடி டிரைவின் பாதைக்கு நடுவில் தன்னைப் பொருத்திக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் இணையத்தின் வழியாக ஒரு நீக்கும் கருவி கொடுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் அதைச் சோதித்துப் பார்த்தால், அந்தக் கருவி கணினியில் விட்டுச் சென்ற ஒரு துண்டின் வழியாக எந்த இணையதளமும் உள்ளே புகுந்து விரும்பியதை ஓட்டலாம் என்று தெரிந்தது. நீக்குவதற்காக வந்தது, இருந்ததைவிட மோசமான ஒன்றை விட்டுவிட்டுப் போனது. கடைசியில் சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள்.

அடுத்தது லெனோவோ, 2015. அதற்கு முந்தைய சில மாதங்களில் விற்ற பல லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேர் கடையிலிருந்து வரும்போதே இருந்தது. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருக வேண்டும் என்பதற்காக, அது விண்டோஸின் நம்பகமான சான்றிதழ்ப் பட்டியலில் தன் சொந்த ரூட் சான்றிதழைச் சேர்த்துவிட்டது. இது என்ன செய்யும் என்றால், நீங்கள் வங்கித் தளத்துக்குப் போகும்போது இது உண்மையான வங்கிதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்கிற அதிகாரம் அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவியை வைத்திருப்பவருக்குக் கிடைத்துவிடும். எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார், அதைத் தயாரித்துக் கொடுத்த கொமோடியா என்ற நிறுவனத்தின் பெயரேதான் கடவுச்சொல். செய்தி பரவியதும் மக்கள் முறையாக கண்ட்ரோல் பேனலுக்குப் போய் சூப்பர்ஃபிஷை நீக்கினார்கள். சாஃப்ட்வேர் போனது, சான்றிதழ் போகவில்லை. விளம்பரம் நின்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தவர்களின் கணினிகள், பொது இடத்து வைஃபையில் யார் வேண்டுமானாலும் வங்கி போல நடிக்கலாம் என்ற நிலையிலேயே இருந்தன. மைக்ரோசாஃப்ட் தன் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு அப்டேட் கொடுத்தும், லெனோவோ தனிக் கருவி வெளியிட்டும்தான் அதை எடுக்க முடிந்தது.

மேக் வைத்திருப்பவர்கள் இது விண்டோஸ் கதை என்று விட்டுவிட வேண்டாம். மேக்கில் ஆப்பைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டால் போதும் என்கிறோம். அதில் போவது ஆப் மட்டும், மறைந்திருக்கும் லைப்ரரி ஃபோல்டரில் அதன் அமைப்புகளும் சேமிப்பும் அப்படியே இருக்கும். 2019 ஜூலையில் ஜொனதன் லைட்ஷூ என்ற ஆய்வாளர் சொன்ன பிறகுதான் இதன் தீவிரம் தெரிந்தது. மேக்கில் ஜூம் ஆப் தனக்கென்று ஒரு சின்ன வெப் சர்வரைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தது, மீட்டிங்குக்குள் நுழைய சஃபாரி பிரவுசர் கேட்கிற ஒரு அனுமதிக் கேள்வியைத் தவிர்ப்பதற்காக. ஜூமை நீக்கினாலும் அந்த சர்வர் போகவில்லை. பிறகு எப்போதாவது ஒரு ஜூம் இணைப்பைத் திறந்தால், உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அது ஜூமைத் திரும்ப நிறுவிவிடும். ஜூம் அதை எடுக்கும் அப்டேட்டை வெளியிட்டது. ஏற்கெனவே ஜூமை நீக்கிவிட்டவர்களுக்கு அப்டேட் எப்படிப் போகும்? ஆப்பிளே எல்லா மேக்குகளுக்கும் சத்தமில்லாமல் ஓர் அப்டேட் அனுப்பி அந்த சர்வரை அகற்றியது.

லினக்ஸில் உபுண்டு வகையறாவில் நீக்கும் கட்டளை ரிமூவ் என்றால் அமைப்பு ஃபைல்கள் தங்கும், பர்ஜ் என்றால் அவையும் போகும், உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு இருப்பவை இரண்டிலும் தங்கும். மொபைல் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை கொடுத்து, அந்த அறைக்கு வெளியே கண்டபடி எழுத விடுவதில்லை, ஆப் போனால் அறையோடு போய்விடும். டவுன்லோட்ஸில் சேமித்த படங்கள் தங்கும், நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கும் தங்கும், அது வேறு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஆப்களில் பலவும் கிட்டத்தட்ட இந்த முறையில்தான் இயங்குகின்றன, ஒரே சாஃப்ட்வேர் ஸ்டோரிலும் வெளியிலும் கிடைத்தால் நான் ஸ்டோர் பதிப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில், பயப்பட வேண்டாம். ஆப்டேட்டாவில் கிடக்கும் பழைய ஃபோல்டர் இடத்தை அடைக்கும், வேறொன்றும் செய்யாது. ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சிய வரிகள் இடத்தைக்கூடப் பெரிதாக அடைக்காது. அவற்றைச் சுத்தம் செய்தால் கணினி வேகமாகும் என்று விற்கப்படும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. சுத்தம் செய்யும் கருவி என்றால் பாதுகாப்பானது என்றும் நினைக்க முடியாது. 2017 ஆகஸ்டில் வந்த சிசிகிளீனர் 5.33 பதிப்புக்குள் ஹேக்கர்கள் தீய நிரலைப் புகுத்திவிட்டார்கள், நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அந்தப் பதிப்பை வைத்திருந்தார்கள்.

கவலைப்பட வேண்டியது, இன்னும் ஓடுகிற மிச்சங்களைப் பற்றித்தான். சர்வீஸ், டிரைவர், ஷெட்யூலர் வேலை, கணினி தொடங்கும்போது தானாக எழுபவை, இவற்றோடு சான்றிதழ். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முழுசாகப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது, மேலே சொன்ன அதே ருஸினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் குழு உருவாக்கியது, 2006இல் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. அதில் தானாக ஓடும் ஒவ்வொன்றும் வரிசையாக வரும், ஃபைல் காணாமல் போன வரிகள் மஞ்சளில் தெரியும். அழிக்காதீர்கள், முன்னால் இருக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து இரண்டு நாள் பாருங்கள், ஏதாவது கெட்டால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம்.

நீக்குவதற்கு முன்னால், கட்டணம் கட்டிய சாஃப்ட்வேராக இருந்தால் உள்ளே போய் லாக்அவுட் செய்து உரிமத்தை விடுவித்துக்கொள்ளுங்கள், இத்தனை கணினிக்குத்தான் என்று எண்ணிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் ஐகான் இருந்தால் அங்கே மூடிவிட்டு, அப்புறம் அன்இன்ஸ்டால், அப்புறம் ரீஸ்டார்ட். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸைத் தெரிய வைத்து, ஆப்டேட்டாவின் மூன்று கிளைகளிலும் புரோகிராம்டேட்டாவிலும் அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தால், உள்ளே உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு அழிக்கலாம். இதையே ரெவோ அன்இன்ஸ்டாலர், பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் போன்றவை உங்களுக்காகச் செய்யும். அவையும் முதலில் சாஃப்ட்வேரின் சொந்த நீக்கும் புரோகிராமைத்தான் ஓட்டுகின்றன, பிறகு பெயரை வைத்து மிச்சத்தைத் தேடுகின்றன. பெயரை வைத்து என்பதால் அது ஊகம்தான். அடோபி சாஃப்ட்வேர் ஒன்றை நீக்கும்போது அடோபி என்ற பெயருள்ள பொதுவான ஃபோல்டரும் பட்டியலில் வரலாம், உங்களிடம் இருக்கும் இன்னொரு அடோபி சாஃப்ட்வேர் அதை நம்பியிருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்பதை அழுத்துவதற்கு முன் பட்டியலைப் படியுங்கள்.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. ஒன்று, புரோகிராம் ஃபைல்ஸில் போய் ஃபோல்டரைக் கையால் அழிப்பது. நீக்கும் புரோகிராமும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும், அதுவும் போய்விட்டால் மற்ற இடங்களில் இருப்பதை எடுக்க ஆளில்லை. ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா, அதே பதிப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பிறகு முறையாக நீக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு மறைந்த ஃபோல்டர் பல ஜிபி அடைத்துக்கொண்டிருக்கும், அதைக் குப்பை என்று நினைத்து அழிப்பது. எம்எஸ்ஐ வகை சாஃப்ட்வேர்களைப் பிறகு நீக்கவும் அப்டேட் செய்யவும் விண்டோஸ் வைத்திருக்கும் பிரதிகள் அவை.

புது சாஃப்ட்வேரைச் சும்மா முயற்சி செய்து பார்க்க மட்டும் வேண்டுமென்றால், விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு 2019இலிருந்து விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் கிடைக்கிறது, ஹோம் பதிப்பில் கிடையாது. தனி ஜன்னலில் இன்னொரு விண்டோஸ் ஓடும், மூடினால் உள்ளே நடந்த எல்லாமும் போய்விடும். கணினியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றாக நீக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம், ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸையே புதிதாகப் போட்டால் நிச்சயம் போய்விடுமா என்றால், ஏறக்குறைய எப்போதும் ஆம். விதிவிலக்கு மதர்போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர். கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற மதர்போர்டு சாஃப்ட்வேர்தான் பயாஸ். அதற்குள் வைத்திருக்கும் ஒரு புரோகிராமை விண்டோஸ் தொடங்கும்போது எடுத்து ஓட்ட, விண்டோஸ் 8 காலத்திலிருந்து மைக்ரோசாஃப்ட்டே ஒரு வழி கொடுத்திருக்கிறது. திருடுபோன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர், திருடன் டிஸ்க்கை அழித்தாலும் பிழைத்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று, நல்ல நோக்கம்தான். லெனோவோ அதே வழியில் தன் சொந்த சர்வீஸ் ஒன்றைத் திரும்பத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருந்தது, 2015இல் பாதுகாப்புக் குறைபாடு வெளியானதும் பயாஸ் அப்டேட் கொடுத்து நிறுத்தியது. இப்போது அசூஸ் மதர்போர்டு வாங்கிப் புது விண்டோஸ் போட்டவர்களுக்கு, அசூஸின் சொந்த சாஃப்ட்வேரான ஆர்மரி கிரேட்டை நிறுவட்டுமா என்று கேட்டு ஒரு ஜன்னல் தானாக வருவதும் இப்படித்தான். அதை நிறுத்தும் இடம் விண்டோஸில் கிடையாது. ரீஸ்டார்ட் செய்து, டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், ஆர்மரி கிரேட் என்று இருக்கும் அந்த அமைப்பை டிஸேபிள் செய்து சேமிக்க வேண்டும்.